வெக்கை வேறு, புழுக்கம் வேறு

கோடையின் கொடுமையைச் சொல்லத் தமிழ்ப் பேச்சுவழக்கு ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. அனல் காற்று முகத்தில் அடித்து, நா வறண்டு, தோல் காந்துவது வெக்கை எனப்படுகிறது; இலை அசையாத பொழுதில் உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்வது புழுக்கம் எனப்படுகிறது. பின்னதன் வேர் அடுக்களையோடு தொடர்புடையது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தி எடுக்கும் அரிசிக்குப் புழுங்கல் அரிசி என்று பெயர். அந்தப் புழுங்கலும் மனிதரை வாட்டும் புழுக்கமும் ‘புழுங்கு’ என்னும் ஒரே வினையடியிலிருந்து கிளைத்தவை. வெக்கையில் உடல் வறுபடுகிறது, புழுக்கத்தில் அவிகிறது என்று மொழி பிரித்துக் காட்டும் இந்த வேறுபாட்டை இயற்பியலும் உடலியலும் அப்படியே உறுதிசெய்கின்றன. வேலூரிலும் கரூரிலும் நன்கு பயன்தரும் குளிர்ச்சி முறைகளுள் பல, சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பலிக்காமல் போவதற்கும், சில வேளைகளில் தொல்லையைக் கூட்டிவிடுவதற்கும் காரணம் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

உலர்ந்தால்தான் குளிர்ச்சி

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக இருந்தாக வேண்டும். ஆனால், உடலோ ஓயாது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல்கூட ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று வெளிவிடும் அளவை, இடைவிடாமல் வெளியேற்றியாக வேண்டும். மாடிப்படி ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் இது பல மடங்காகிறது. இந்த வெப்பம் உடலை விட்டு நீங்க நான்கு வழிகள் உள்ளன. சுற்றியுள்ள சுவர், தரை முதலிய குளிர்ந்த பரப்புகளை நோக்கி வெப்பம் அலைகளாகப் பாய்வது கதிர்வீச்சு. குளிர்ந்த பொருளைத் தொடும்போது அதற்கு வெப்பம் இறங்குவது கடத்தல். தோலை ஒட்டிய காற்று சூடேறி விலக, அவ்விடத்துக்குப் புதிய காற்று வருவது வெப்பச்சலனம். தோலின்மேல் உள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வது ஆவியாதல்.

முதல் மூன்று வழிகளும் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். கோடையில் தோலின் வெப்பநிலை பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். காற்றும் அதே அளவுக்குச் சூடேறிவிட்டால் இந்த வழிகள் அடைபட்டுப் போகின்றன, அதற்கு மேல் ஏறினால் வெளியிலுள்ள வெப்பம் உடலுக்குள் வரத் தொடங்குகிறது. அந்நிலையில் எஞ்சியிருப்பது ஆவியாதல் ஒன்றே. மனிதத் தோலில் உள்ள 20 முதல் 40 இலட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் இதற்காகவே அமைந்தவை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மேலேயே ஆவியானால் அது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடல் ஆறரை மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அவ்வளவும் இதில் அடங்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை, அந்த வியர்வை உலர்வதால்தான் குளிர்கிறது என்பதாகும். நெற்றியிலிருந்து வழிந்து தரையில் சொட்டும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தைக் குறிப்பிடும்படியாகக் கொண்டுபோவதில்லை. புழுக்கமான நாளில் ஆறாய் வியர்த்தும் உடல் ஆறாமல் இருப்பது இதனால்தான்.

ஈரக்குமிழ் காட்டும் கணக்கு

காற்று ஓரளவுக்கு மேல் நீராவியைத் தாங்காது. 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். அந்தக் கொள்ளளவில் இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் விழுக்காடே ஒப்பு ஈரப்பதம் எனப்படுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று இருக்கும். அறை 30 டிகிரியிலும் ஈரப்பதம் 70 விழுக்காட்டிலும் இருந்தால், கதவும் சன்னலும் சாத்திய அந்த அறையின் காற்று இன்னும் ஏற்கக்கூடிய நீர் 300 மில்லி அளவுதான். ஒன்றரை டம்ளர் நீருக்கு மட்டுமே இடமுள்ள காற்றில் நான்கு பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் புழுக்கம் எப்படி விரைந்து ஏறும் என்பதை இதைக்கொண்டே கணித்துவிடலாம்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க வானிலையாளர்கள் கையாளும் எளிய கருவி ஈரக்குமிழ் வெப்பமானி. வெப்பமானியின் குமிழைச் சுற்றி நனைத்த துணியைக் கட்டிக் காற்றோட்டத்தில் வைத்தால், துணியின் ஈரம் உலர உலர வெப்பநிலை இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்த்த உடல் தன்னை எவ்வளவு தூரம் குளிர்வித்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்த நனைந்த துணி ஒரு மாதிரி. மேற்கு மாவட்டம் ஒன்றில் வெப்பநிலை 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்றும், அதே நேரத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் வெப்பநிலை 34 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், முதல் ஊரின் ஈரக்குமிழ் ஏறத்தாழ 24 டிகிரியையும் இரண்டாவது ஊரின் ஈரக்குமிழ் ஏறத்தாழ 29 டிகிரியையும் காட்டும். சாதாரண வெப்பமானியில் ஆறு டிகிரி குறைவாகத் தெரியும் கடற்கரை ஊர், உடலின் கணக்கில் ஐந்து டிகிரி கூடுதலாக நிற்கிறது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், நிழலில், காற்றோட்டத்தில், நீர் அருந்திக்கொண்டே இருந்தாலும் உடல் வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை என்று 2010ஆம் ஆண்டில் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹ்யூபர் என்னும் இரு அறிவியலாளர்கள் கோட்பாட்டளவில் எடுத்துக்காட்டினர். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலம் மிக்க இளைஞர்களை வைத்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஈரமான சூழலில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிடுவதைக் காட்டியது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே இருக்கும் என்பதை நினைத்தால், கடலோரத்துக் கோடையை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது விளங்கும்.

கோடைக்கும் கொண்டலுக்கும் நடுவே

தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை. மேல்காற்றின் பெயரும் வெயில் காலத்தின் பெயரும் ஒன்றாக அமைந்திருப்பது பொருத்தமே. கிழக்குக் கடற்கரை ஊர்களின் மே மாதம் என்பது, நிலத்தின் மீதிருந்து வரும் கோடைக்கும் கடலின் மீதிருந்து வரும் கொண்டலுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் இழுபறிதான்.

வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது, கடல் மெதுவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்பும்போது அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே நுழைவதே கடற்காற்று. சென்னையில் இது நண்பகலையொட்டி நுழைந்துவிட்டால் வெப்பநிலை ஏறுவது அத்துடன் நின்றுவிடும். மேல்காற்று வலுத்து அதைத் தடுத்துவிட்டால், பிற்பகல் வரை அனல் நீடிக்கும். 2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி நகரின் வரலாற்றில் ஓர் உச்சம். கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் வெப்பநிலை சற்றுக் கூடுதலாகப் பதிவாவது வழக்கம் என்பதற்கும் கடற்காற்று முதலில் எட்டும் இடம் எது என்பதே விளக்கம்.

ஆனால், கொண்டல் வெறுங்கையோடு வருவதில்லை. வெக்கையைத் தணிக்கும் அதே காற்று கடலின் நீராவியையும் சுமந்துவருகிறது. அது வீசிக்கொண்டிருக்கும் வரை ஈரம் தெரிவதில்லை. இரவில் காற்று ஓய்ந்தபின், வந்த ஈரம் தெருவிலும் அறையிலும் தங்கிவிட, பகலெல்லாம் வெயில் குடித்த சுவர்கள் வெப்பத்தைக் கக்கத் தொடங்கும்போதுதான் புழுக்கம் தன் முழு உருவைக் காட்டுகிறது. சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டபின் வெப்ப அலையைக் கணக்கிடத் தொடங்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோர நிலையங்களுக்கு அந்த வரம்பை 37 டிகிரியாகக் குறைத்து வைத்திருக்கிறது. அத்தோடு, இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பதும் விதி.

விசிறியின் வேலை

புழுக்கத்துக்கு முதல் மருந்து அசையும் காற்று. வியர்த்த தோலை ஒட்டி நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப்படலம் ஒன்று எப்போதும் படிந்திருக்கிறது. காற்று அசையாவிட்டால் அது கலையாமல் நின்று மேற்கொண்டு வியர்வை உலர்வதைத் தடுக்கிறது. பனையோலை விசிறியோ மின்விசிறியோ செய்வது, அந்தப் படலத்தைக் கலைத்து, சற்றே உலர்ந்த காற்றைத் தோலருகே கொண்டுவருவதுதான். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது என்பதால், ஆளில்லாத அறையில் அதை ஓடவிடுவதில் பயனில்லை.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. தோலைவிட மிகச் சூடான, வறண்ட காற்றை விசிறினால், உலர்வதால் கிடைக்கும் குளிர்ச்சியைவிட உள்ளே ஏறும் வெப்பம் மிகுந்துவிடும். ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில், 40 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சூழலில் விசிறி உடலுக்கு நன்மை செய்தது; 47 டிகிரி வெப்பமும் 10 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட சூழலில் தீமை செய்தது. பாலைநிலத்து அனலில் கைவிட்டுவிடும் விசிறி கடற்கரைப் புழுக்கத்தில் துணைநிற்கிறது என்பது இதன் சாரம். பழைய விசிறிகள் 75 வாட் மின்சாரம் இழுத்த இடத்தில், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் பொருத்தியவை 30 வாட் அளவில் ஓடுவதால், இரவு முழுவதும் ஓடவிடுவதற்கான செலவும் குறைந்திருக்கிறது.

விசிறி சுழன்றும் அறை இறுக்கமாகவே இருந்தால், உள்ளேயே சுற்றும் காற்று வியர்வையால் நிரம்பிவிட்டது என்று பொருள். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து ஒரு பக்கம் காற்று நுழையவும் மறுபக்கம் வெளியேறவும் வழி செய்வதும், இரவில் மேசைவிசிறி ஒன்றைச் சன்னலோரம் வைத்து வெளிக்காற்றை உள்ளிழுப்பதும், சமையலறை ஆவியை வெளியேற்று விசிறியால் அப்போதைக்கப்போது வெளியே தள்ளுவதும் இதற்குப் பரிகாரங்கள். சன்னலுக்குப் போடும் கொசுவலை காற்றோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால், வலையைத் தூசி படியாமல் துடைத்து வைப்பதும் குளிர்ச்சிக்குச் செய்யும் வேலைதான்.

நனைந்த சேலையும் ஏர்கூலரும்

சன்னலில் நனைந்த சேலையைத் தொங்கவிடுவது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, மண்பானையில் நீரை ஆறவைப்பது ஆகிய மூன்றும் ஒரே கோட்பாட்டில் அமைந்தவை. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தட்டியின் ஈரம் ஆவியாகும்போது அதன் வழியே நுழையும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஏர்கூலர் எனப்படும் பெட்டி, நனைந்த பட்டைகளின் வழியே விசிறியால் காற்றை இழுக்கும் நவீன வெட்டிவேர்த் தட்டிதான்.

இவையெல்லாம் வறண்ட காற்றில் திறம்பட வேலை செய்கின்றன. மேலே சொன்ன கணக்கின்படி, 40 டிகிரியில் 25 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஊரில் ஏர்கூலர் காற்றைப் பத்து டிகிரிக்கு மேல்கூட இறக்க இடமிருக்கிறது. 34 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள ஊரில் ஈரக்குமிழ் எல்லையே 29 டிகிரி என்பதால், நான்கு டிகிரி இறங்கினாலே பெரிது. அந்த நான்கு டிகிரிக்கு விலையாக அறையின் ஈரப்பதம் மேலும் ஏறிவிடுகிறது. சாத்திய அறைக்குள் கொடியில் தொங்கும் ஈரச் சேலை, ஒன்றரை டம்ளர் நீருக்கே இடமுள்ள காற்றில் தன் ஈரத்தையும் சேர்த்துவிடும். அறையில் இருப்போரின் வியர்வைக்கு இருந்த இடத்தைத் துணி பிடித்துக்கொள்ளும். ஆகவே, கடலோர வீடுகளில் துவைத்த துணியை வெளியே காயப்போடுவதும், கழுவிய தரையை உடனே துடைத்து உலர்த்துவதும், கூலரை ஓட்டித்தான் ஆகவேண்டுமென்றால் எதிர்ச் சன்னலைத் திறந்து வைப்பதும் நல்லது. நீரைத் தெளிக்க ஏற்ற இடம் அறை அன்று, மொட்டைமாடி. மாலையில் தளத்தில் நீர் ஊற்றினால் அது வெளியே ஆவியாகிக் கூரையின் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்.

கூரையே முதல் எதிரி

கோடையில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு நேரே செல்வதால், வீட்டின் மற்றெந்தப் பகுதியைவிடவும் கூரையே மிகுதியாக வெயிலை வாங்குகிறது. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையிலிருந்து நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மேல்மாடியில் விசிறியைப் போட்டால் அனல் இறங்குவது, கூரையடியில் சூடேறிய காற்றை அது கீழே தள்ளுவதால்தான்.

பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் இதற்குச் சற்றே மேலான விடையாக இருந்தது. மர உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனத்த தளமிட்டு, மேலே தட்டோடு பதித்து முடிப்பது அதன் முறை. உயர்ந்த கூரையும், நடுவே வானம் பார்த்த முற்றமும், தெருவை நோக்கிய திண்ணையும் சேர்ந்து, சூடான காற்று மேலே போகவும் புதிய காற்று தாழ்வாக நுழையவும் வழி வைத்திருந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பில் முற்றம் வைக்க முடியாது. ஆனால், கூரையின்மேல் வெள்ளை பூச முடியும். சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்த தளம் வெயிலின் பெரும்பகுதியை வானத்துக்கே அனுப்பிவிடுவதால், கருத்த சிமென்ட் தளத்தைவிடக் குறைவாகவே சூடேறும். மாடியில் கீற்றுக் கொட்டகை போடும் பழக்கம் இன்னும் சிறந்தது. தென்னங்கீற்று வெயிலைத் தளத்தில் படாமலே தடுக்கிறது, கொட்டகைக்கும் தளத்துக்கும் இடையே காற்றும் ஓடுகிறது. மேற்குச் சுவரில் விழும் பிற்பகல் வெயிலுக்குத் திரையை உள்ளே போடுவதைவிட, மூங்கில் தட்டியை வெளியே தொங்கவிடுவது பயன்தரும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பம் வந்ததுதான்.

பாஸ்டன் பனிக்கட்டியிலிருந்து ஏ.சி. வரை

குளிர்ச்சியை வெளியிலிருந்து வாங்கும் முயற்சி சென்னைக்குப் புதிதன்று. அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், நியூ இங்கிலாந்துக் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பி, அதைச் சேமித்து விற்க 1842இல் மெரினாக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. பனிக்கட்டி வணிகத்தின் தடயம் இன்றைய ஏ.சி. விளம்பரங்களிலும் எஞ்சியிருக்கிறது. ஒரு டன் ஏ.சி. என்பதில் உள்ள ‘டன்’, ஏறத்தாழ 900 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ அவ்வளவு வெப்பத்தை அந்தக் கருவி வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் அளவு.

ஏ.சி.யின் பிறப்பே ஈரத்தை ஒழிப்பதற்காக நிகழ்ந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போனதைச் சரிசெய்யவே வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். குளிர்ந்த குழாய்ச் சுருளில் காற்று படும்போது அதிலுள்ள நீராவி நீராகத் திரண்டு வடிகிறது, ஏ.சி.யின் பின்குழாயிலிருந்து இரவெல்லாம் வாளியில் சொட்டும் தண்ணீர், அந்த அறையின் புழுக்கமே உருமாறி வந்ததுதான்.

ஆகவே, புழுக்கத்தைப் போக்க ஏ.சி.யை 18 டிகிரிக்கு இறக்க வேண்டியதில்லை. 26 டிகிரி அளவில் வைத்து, மேலே விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால், உலர்ந்த காற்றும் காற்றோட்டமும் சேர்ந்து போதிய குளிர்ச்சி தரும். இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 முதல் நடைமுறையில் உள்ளது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது ஆற்றல் திறன் செயலகத்தின் கணக்கு. சிறிய அறைக்குப் பெரிய ஏ.சி. போட்டால், வெப்பநிலை சட்டென்று இறங்கிக் கருவி நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரமில்லாமல் அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் தெருவில்தான் இறங்குகிறது என்பதையும், எதிர்வீட்டுச் சன்னல் திறந்திருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உடுப்பும் படுக்கையும் குடிநீரும்

புழுக்கத்துக்கு ஏற்ற உடை என்பது, தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று நுழையும் உடை. இழை இடைவெளி மிக்க மெல்லிய பருத்தி, தளர்வான வேட்டி, கைலி, நைட்டி ஆகியவை வீட்டுக்குப் பொருந்துவதற்கு அதுவே காரணம். தடித்த பருத்தித் துணி வியர்வையை நன்றாக உறிஞ்சினாலும் விரைவில் உலராது. நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். நெடுநேரம் ஈரத்தில் ஊறும் தோலில் வியர்வைக் குழாய்களின் வாய் அடைபடுவதால் தோன்றுவதே வியர்க்குரு. அதன்மேல் பவுடரை அப்புவதைவிட, குளித்துத் துவட்டி, காற்றாட விடுவதே அதற்கு நல்ல பரிகாரம். படுக்கையிலும் இதே நியதிதான். நுரைமெத்தை முதுகின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கோரைப்பாயும் கயிற்றுக்கட்டிலும் அவற்றை வெளியே விட்டுவிடும். படுக்குமுன் குளித்து, முழுவதும் துவட்டாமல் விசிறியின் கீழ் நிற்பது, வியர்வை செய்ய வேண்டிய வேலையைக் குழாய் நீரைக்கொண்டு செய்துகொள்ளும் வழி; உடலின் நீரும் உப்பும் மிஞ்சுகின்றன.

வியர்வையில் நீரோடு உப்பும் போவதால், பல மணி நேரம் வியர்த்து உழைப்பவர்களுக்கு வெறுந்தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர், நீராகாரம், கூழ், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு ஆகியவை இரண்டையும் சேர்த்துத் தருகின்றன. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது சுவையான நீராகும், உப்புக்கு மாற்றாகாது. நுங்கும் பெரும்பாலும் நீரே. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாகக் கழிவது உடலில் நீர் குறைந்திருப்பதன் எளிய அடையாளம். வெயிலுக்குப் பழகாத உடல் பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வரை ஆகும். அதன்பின் வியர்வை சீக்கிரமே அரும்பும், அதில் உப்பும் குறையும். ஆகவே, கடும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரத்தில் வேலையைக் குறைத்துத் தருவது கருணையோடு அறிவும் சேர்ந்த செயல்.

எல்லை கடந்தால்

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். நிழலும் நீரும் ஓய்வும் கிடைத்தால் அது பெரும்பாலும் தணிந்துவிடும். உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, குழப்பமோ வலிப்போ மயக்கமோ வந்தால் அது வெப்பப் பக்கவாதம் எனப்படும் உயிருக்கு ஆபத்தான நிலை. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பப் பக்கவாதம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் வியர்வையில் நனைந்த நிலையிலேயே அதற்கு ஆளாகலாம். 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தெளியாதவருக்கு வாய்வழி எதையும் புகட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரையால் இதில் பயனில்லை. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், நீர்ப்பெருக்கி மாத்திரை உட்கொள்வோர் ஆகியோர் இதற்கு முன்னதாகவே இலக்காகிறார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்ததும், உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்ததும் இந்த ஆபத்துக்குக் கிடைத்த முறையான ஒப்புதல்.

விசிறியும் வெள்ளைக் கூரையும் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தில் இறங்குபவர்களுக்குக் கூரையே இல்லை; பொழுது விடியுமுன் வேலையைத் தொடங்கி வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை முடித்துக்கொள்வதுதான் அவர்கள் கண்ட வழி. அவர்கள் தொழிலின் ஆதாரமும் ஆவியாதலே: பாத்தியில் கட்டிய நீரை வெயிலும் காற்றும் உலர்த்தினால்தான் உப்பு பூக்கும். காற்று ஈரம் கோத்து நிற்கும் நாளில் பாத்தியும் மெதுவாகவே உலர்கிறது, உழைப்பவரின் சட்டையும் உலர மறுக்கிறது. வறண்ட காற்று திரும்பியதும் பாத்தியில் உப்பு பூக்கிறது. வேலை முடிந்து கரையேறுபவரின் சட்டை முதுகிலும் வெள்ளைக் கோடாக அதே உப்பு பூத்திருக்கிறது. அந்தக் கோடு அன்று அவர் உடல் வெப்பத்தை வெளியேற்றி மீண்டதன் அடையாளம்.